சில சென்ட்டுக்கு விழுந்து நூறு யூரோவைத் தாண்டிய உரிமம்: ஐரோப்பிய கார்பன் சந்தை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2006 ஏப்ரல் கடைசி நாள்கள். ஒரு டன் கரியமில வாயுவை வெளியேற்றும் உரிமம் ஐரோப்பாவில் 30 யூரோவுக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. அப்போது நெதர்லாந்து, செக் குடியரசு, பிரான்ஸ், ஸ்பெயின் என்று ஒவ்வொரு நாடாக, தங்கள் ஆலைகள் 2005இல் உண்மையில் எவ்வளவு வெளியேற்றின என்ற தணிக்கைக் கணக்கை வெளியிட்டன. கொடுத்த உரிமத்தைவிட வந்த புகை குறைவு. சில நாள்களில் விலை பாதிக்கும் கீழே போனது. 2007 முடியும்போது அந்த உரிமத்துக்குச் சில சென்ட்தான் மதிப்பு.

அதே சந்தையில் 2023 பிப்ரவரி 21 அன்று ஓர் உரிமம் முதன்முறையாக 100 யூரோவைத் தாண்டியது. அந்தத் துண்டு உரிமம் தரும் அதிகாரம் 2006இலும் 2023இலும் ஒன்றேதான்: ஒரு டன். இடையில் மாறியது, மொத்தம் எத்தனை உரிமம் வரும், மிஞ்சினால் அதை யார் எடுத்து எங்கே வைப்பார்கள் என்ற விதி மட்டுமே. கார்பன் சந்தையின் வருங்காலத்தைக் கணிக்க விரும்புபவர் விலை வரைபடத்தைவிட இந்த விதியின் வரலாற்றைப் படிப்பது பயன் தரும்.

உரிமத்தின் ஆயுள்

2003இல் இயற்றிய சட்டத்தின்படி 2005 ஜனவரி 1 அன்று சந்தை தொடங்கியது. 20 மெகாவாட்டுக்கு மேல் வெப்பத்திறன் கொண்ட எரிப்பு அமைப்புகள், உருக்காலை, சிமென்ட், கண்ணாடி, காகிதம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு என 11,000க்கு மேற்பட்ட ஆலைகள் இதற்குள் வந்தன. நில உச்சவரம்பு நமக்குப் பழக்கமான சொல். இங்கே உச்சவரம்பு நிலத்துக்குப் பதில் வானத்துக்கு. மொத்த அளவை அரசு முடிவு செய்யும்; அதற்குள் யார் எவ்வளவு எடுப்பது என்பதைச் சந்தை முடிவு செய்யும்.

ஆலையில் இது ஆண்டுச் சுற்றாக ஓடுகிறது. முதலில் கண்காணிப்புத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு ஆண்டு முழுவதும் எரிபொருள் அளவு. அதை நிகர எரிவெப்ப மதிப்பால் (எரிந்தால் தரும் வெப்பம்) பெருக்கி, உமிழ்வுக் காரணியாலும் (அந்த வெப்பத்துக்கு எவ்வளவு வாயு) ஆக்சிஜனேற்றக் காரணியாலும் (எரிபொருளில் எவ்வளவு முழுதாக எரிந்தது) பெருக்கினால் டன் கணக்கு வரும். சிமென்ட் ஆலைக்கு இன்னொரு வரி கூடும்: சுண்ணாம்புக் கல் சிதையும்போதே வாயு வருவதால், ஒரு டன் கிளிங்கருக்கு (சூளையில் சுட்டெடுத்து, அரைத்தால் சிமென்டாகும் கட்டி) 0.525 டன் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்கு மேல் வெளியேற்றும் பெரிய ஆலையில், முக்கிய எரிபொருளின் அளவீட்டுப் பிழை பொதுவாக 1.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்த மார்ச் 31க்குள் தணிக்கையாளர் சான்றுடன் அறிக்கை போக வேண்டும். பெரிய ஆலைகளுக்குத் தணிக்கை பொறுக்கும் தவறு 2 சதவீதம், மற்றவற்றுக்கு 5.

எங்கே தடுக்குகிறது? சூத்திரத்தில் யாரும் தடுக்குவதில்லை. நிலக்கரிக் குவியலில்தான் தடுக்குகிறார்கள். எடை போட்டது ஈரக் கரி, ஆய்வகம் தந்தது உலர் கரியின் எரிவெப்ப மதிப்பு. இரண்டையும் அப்படியே பெருக்கினால் ஈரப்பதத்தின் அளவுக்குக் கணக்கு ஊதிப்போகும். கன்வேயர் தராசின் அளவுத்திருத்தம் காலாவதியாகிவிட்டால் தணிக்கையாளர் அந்த மாதங்களுக்குப் புகையைக் கூட்டிக் காட்டும் மதிப்பீட்டைத்தான் ஏற்பார், அது ஆலைக்கு நட்டம். ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் குவியலில் இருந்த சரக்கைத் தோராயமாக எழுதுவது மற்றொரு பழைய வழக்கம்.

கடைசிப் படி, எத்தனை டன்னோ அத்தனை உரிமத்தை ஒப்படைப்பது. முன்பு ஏப்ரல் 30 கெடு. 2024 முதல் செப்டம்பர் 30. ஒப்படைக்காத ஒவ்வொரு டன்னுக்கும் முதல் கட்டத்தில் (2005–2007) 40 யூரோ அபராதம், 2008 முதல் 100 யூரோ, இப்போது பணவீக்கத்தோடு ஏறுகிறது. அபராதம் கட்டினாலும் கடன் தீராது. விடுபட்ட உரிமத்தை அடுத்த ஆண்டு வாங்கித் தந்தே ஆக வேண்டும். இந்த ஒரு வாக்கியம்தான் சட்டத்தின் முதுகெலும்பு. அபராதத்தை மட்டும் கட்டிவிட்டு நகர முடியும் என்றால், அபராதத் தொகையே உரிமத்தின் உச்ச விலை ஆகிவிடும்.

முதல் சறுக்கல்: எண்ணாமல் பங்கிட்டது

2005க்கு முன் ஆலைவாரியான தணிக்கை செய்த கணக்கு ஐரோப்பாவில் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் ஒதுக்கீட்டுத் திட்டத்தைத் தானே எழுதியது. ஆலைகள் தாங்களே தந்த பழைய எண்கள், வளர்ச்சி குறித்த நம்பிக்கையான கணிப்பு, பக்கத்து நாட்டு ஆலை முந்திவிடக் கூடாதே என்ற கவலை, மூன்றும் ஒரே திசையில் தள்ளின. பிரிட்டன் மட்டும் ஓரளவு இறுக்கிப் பிடித்தது. அங்கே உரிமம் பற்றாக்குறை. மற்ற பல இடங்களில் மிகை. மொத்தமாகப் பார்த்தால் 2005இல் மிஞ்சியது ஏறத்தாழ 4 சதவீதம்தான். பிறகு ஏன் விலை அடியோடு போனது?

காரணம், சேமிக்க முடியாத சுவர். 2005–2007 உரிமத்தை 2008க்குக் கொண்டுபோக விதி இடம் தரவில்லை. டிசம்பரோடு காலாவதியாகும் பொருள் தேவைக்கு மேல் ஒரு மூட்டை இருந்தாலும் கடைசி நாளில் அது குப்பைதான். பற்றாக்குறை ஒரு மூட்டை என்றால் விலை அபராதத்தை நோக்கி ஏறும். நடுவில் நிற்க இடமே இல்லை. 2008 முதல் சேமிப்பு அனுமதிக்கப்பட்டதால், அதன்பின் எத்தனை மிகை வந்தும் விலை பூஜ்யத்தைத் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே கட்டத்தில் மின் நிறுவனங்களுக்கு அடித்த யோகம் தனிக் கதை. உரிமம் கிட்டத்தட்ட எல்லாமே இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அந்த உரிமத்தை விற்றால் 25 யூரோ வரும் என்னும்போது, அதை எரிப்பதும் ஒரு செலவுதான். ஒரு மெகாவாட்-மணிக்கு 0.9 டன் வெளியேற்றும் நிலக்கரி நிலையம் அந்தக் கணக்கில் 22.50 யூரோவைத் தன் விலையில் ஏற்றியது. போட்டிச் சந்தையில் மின்விலை ஏறியது. இலவசமாக வாங்கியதன் விலையை நுகர்வோர் கட்டினர். இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை, பாடப்புத்தகப் பொருளியல்தான். வடிவமைத்தவர்கள் அதை முன்கூட்டியே எடைபோடாததுதான் குறை. 2013 முதல் மின்துறைக்கு, கிழக்கு ஐரோப்பிய விலக்குகள் சில நீங்கலாக, இலவசம் நின்று ஏலம் வந்தது. தொழிற்சாலைகளுக்கான இலவசமும், அந்தத் துறையின் மிகச் சிறந்த 10 சதவீத ஆலைகளின் சராசரியை அளவுகோலாக வைத்துத் தரப்பட்டது.

இரண்டாம் சறுக்கல்: மதகு இல்லாத ஏரி

2008–2012 கட்டத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நாடுகளின் ஒதுக்கீட்டுத் திட்டங்களை வெட்டியது. போலந்தும் எஸ்டோனியாவும் வழக்குத் தொடுத்து 2009இல் வென்றன. ஆனால் விலையை வீழ்த்தியது அந்தத் தீர்ப்பு இல்லை. 2008 நடுவில் 30 யூரோவை நெருங்கிய உரிமம், நிதி நெருக்கடியில் ஆலைகள் அணைந்ததும் 2009 பிப்ரவரியில் 8 யூரோ அளவுக்கு இறங்கியது. உச்சவரம்போ ஐந்தாண்டுக்கு எழுதிவைத்தது, அசையவில்லை. மழை நின்றாலும் வெள்ளம் வந்தாலும் வரத்து ஒரே அளவு.

அதோடு வெளியிலிருந்தும் தண்ணீர் வந்தது. கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வளரும் நாடுகளில் புகையைக் குறைத்ததற்காகப் பிறந்த கிரெடிட்டுகளை (டன்னுக்கு ஒன்று) ஐரோப்பிய ஆலைகள் ஒரு வரம்புவரை தங்கள் கணக்கில் ஒப்படைக்கலாம். 2008–2012இல் இப்படி 100 கோடிக்கும் மேற்பட்ட வெளிக் கிரெடிட்டுகள் உள்ளே வந்தன. அவற்றில் பெரும்பங்கு குளிர்பதன வாயு ஆலைகளில் இருந்து. எச்.சி.எஃப்.சி-22 என்ற குளிர்பதன வாயுவைத் தயாரிக்கும்போது கழிவாக வரும் எச்.எஃப்.சி-23 ஒரு டன், அன்றைய கணக்கில் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதை எரித்து அழிக்கும் செலவு சொற்பம், கிடைக்கும் கிரெடிட்டோ மலை. கழிவை அழித்து வரும் வருமானம் முதன்மைப் பொருளின் லாபத்தை மிஞ்சியது. கிரெடிட்டுக்காகவே உற்பத்தி நடக்கிறதோ என்ற ஐயம் எழுந்து, 2013 மே முதல் ஐரோப்பா அவ்வகைக் கிரெடிட்டை ஏற்பதை நிறுத்தியது.

தமிழ்நாட்டுக்கு இந்த அத்தியாயம் நேரடியாகத் தெரியும். தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் தன் உறுப்பு ஆலைகளின் காற்றாலைகளை ஒரே கட்டாகக் கட்டி இந்தத் திட்டத்தில் பதிவு செய்தது. 2008 வாக்கில் 20 யூரோ அளவில் இருந்த கிரெடிட் விலை, 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே. காற்று வீசுவது குறையவில்லை, மீட்டர் கணக்கும் பொய்க்கவில்லை. வாங்குபவரின் ஒதுக்கீட்டு வரம்பு நிரம்பிவிட்டது. 2012க்குப் பிறகு பதிவாகும் திட்டங்களில் மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகளுடையதை மட்டுமே ஐரோப்பா ஏற்கும் என்ற விதி வந்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பிய பண்டத்தின் கதி இது. இப்போது கிரெடிட் வருமானத்தைத் திட்ட அறிக்கையில் எழுதுபவர்கள், வாங்குபவர் நாட்டுச் சட்டத்தில் அந்த வரம்பு எந்த ஆண்டுவரை என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு எழுதுவது நல்லது.

இடையில் புகுந்த திருடர்கள்

எடை இல்லாத, நொடியில் கைமாறும் பண்டம் கள்ளனுக்குக் கற்கண்டு. 2008–2009இல் நடந்தது எளிய வித்தை: வேறு நாட்டிலிருந்து மதிப்புக்கூட்டு வரி இல்லாமல் உரிமம் வாங்குவது, உள்நாட்டில் வரியோடு விற்பது, வசூலித்த வரியை அரசுக்குக் கட்டாமல் நிறுவனத்தையே மூடிவிட்டு மறைவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்ட இழப்பு சுமார் 500 கோடி யூரோ. சில நாடுகளில் வர்த்தகத்தின் 90 சதவீதம்வரை இந்த மோசடியே என்றது. 2009 ஜூனில் பிரான்ஸ் உரிமங்கள் மீதான வரியைப் பூஜ்யமாக்கியதும் பாரிஸ் புளூநெக்ஸ்ட் சந்தையின் பரிவர்த்தனை அளவு சரிந்தது. அதுவரை ‘சந்தை செழிக்கிறது’ என்று காட்டப்பட்ட எண்களில் எவ்வளவு காற்று என்பது அப்போது புரிந்தது.

2010 மார்ச்சில் வேறு ரகம். ஹங்கேரி அரசு, ஆலைகள் ஏற்கெனவே ஒப்படைத்துவிட்ட சுமார் 20 லட்சம் கிரெடிட்டுகளை வெளியே விற்றது. கியோட்டோ விதிப்படி அது குற்றமில்லை. ஆனால் அவை சுற்றிவந்து ஐரோப்பியச் சந்தையிலேயே தலைகாட்டின; கிழித்த பஸ் டிக்கெட் மறுபடி விற்பனைக்கு வந்த மாதிரி. வர்த்தகம் நின்றது. 2011 ஜனவரியில் செக் தலைநகர் பிராகில், யாரிடம் எத்தனை உரிமம் என்ற கணக்கை வைத்திருக்கும் பதிவகத்தின் அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து ஆள்கள் வெளியேறினர். பிறகு பார்த்தால் ஒரு கணக்கிலிருந்து 4.75 லட்சம் உரிமங்களைக் காணோம். ஜனவரி 19 அன்று ஆணையம் ஐரோப்பா முழுவதும் பதிவகங்களின் பரிமாற்றத்தை நிறுத்தியது. நாட்டுக்கு ஒன்றாக இருந்த பதிவகங்களில் எது பலவீனமோ அதன் வழியே திருட்டு நுழைந்தது. 2012இல் எல்லாம் ஒரே ஒன்றியப் பதிவகமாகின. நம்பகக் கணக்குப் பட்டியல், இரட்டை ஒப்புதல், பரிமாற்றத்துக்கு 26 மணிநேரத் தாமதம் ஆகியவை வந்தன. புதிதாகச் சந்தை தொடங்கும் நாடுகள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலைகள் இவை. சலிப்பூட்டும் வேலைகள் என்பதால் தள்ளிப்போடப்படுகின்றன.

மதகு கட்டிய கதை

2013இல் மிகை 210 கோடி உரிமத்தை எட்டியது. அது ஓராண்டு முழுவதற்குமான உச்சவரம்புக்கு ஈடு. ஆணையம் முன்வைத்த முதல் மருந்து மென்மையானது: 2014–2016இல் ஏலம் விட வேண்டிய 90 கோடியைப் பின்னர் விற்கலாம். அதைக்கூட 2013 ஏப்ரல் 16 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 334க்கு 315 என்ற வாக்கில் தள்ளியது. விலை 3 யூரோவுக்கும் கீழே விழுந்தது. ஜூலையில் திருத்தங்களோடு நிறைவேறி, 2014இல் 40 கோடி, 2015இல் 30 கோடி, 2016இல் 20 கோடி என ஏலம் குறைக்கப்பட்டது. விலை பெரிதாக அசையவில்லை. 2017இல்கூட 5 யூரோ அளவுதான். திரும்பி வரப்போகும் சரக்கைப் பார்த்துச் சந்தை ஏன் அஞ்ச வேண்டும்?

உண்மையான திருப்பம் சந்தை நிலைத்தன்மைக் கையிருப்பு. 2015இல் சட்டமாகி 2019 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. வேலை செய்யும் முறை இப்படி: ஆண்டுதோறும் ஆணையம் புழக்கத்தில் உள்ள மொத்த உரிமங்களை எண்ணி அறிவிக்கிறது. அது 83.3 கோடிக்கு மேல் இருந்தால், அதில் 24 சதவீதத்துக்குச் சமமான அளவு அடுத்த 12 மாத ஏலங்களிலிருந்து கழிந்து கையிருப்புக்குப் போகும். 40 கோடிக்குக் கீழே இருந்தால் கையிருப்பிலிருந்து 10 கோடி வெளியே வரும். 2024 முடிவில் புழக்கம் ஏறத்தாழ 114.8 கோடி, 24 சதவீதம் போட்டால் 27.5 கோடிக்குச் சற்று மேல். 2025 செப்டம்பர் முதல் 2026 ஆகஸ்ட்வரை ஏலத்தில் அந்த அளவு குறைவு.

மூலச் சூத்திரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. புழக்கம் 83.4 கோடி என்றால் 20 கோடி வெட்டு, 83.2 என்றால் வெட்டே இல்லை. ஒரு பெரிய நிறுவனம் கணக்கெடுப்பு நாளுக்கு முன் ஒப்படைப்பதா, பின் ஒப்படைப்பதா என்பதுகூட அடுத்த ஆண்டு வரத்தை மாற்றிவிடும். 2023 திருத்தம் இதை அடைத்தது: 83.3க்கும் 109.6 கோடிக்கும் இடையே இருந்தால் 83.3க்கு மேலுள்ள அளவு மட்டுமே வெட்டு. 109.6இன் 24 சதவீதம் 26.3; 109.6 கழித்தல் 83.3ம் 26.3. இரு விதிகளும் அந்தப் புள்ளியில் பிசிறில்லாமல் சேர்கின்றன.

இதையெல்லாம்விடக் கனமான விதி, அழிப்பு. கையிருப்பில் ஒரு வரம்புக்கு மேல் சேர்ந்தவை செல்லாமலாகும். 2023 தொடக்கத்தில் இப்படி ஏறத்தாழ 250 கோடி உரிமங்கள் ஒரே வீச்சில் மறைந்தன. இனிமேல் கையிருப்பில் 40 கோடிதான் தங்கலாம். சந்தை இதை நடைமுறைக்கு வருமுன்பே விலையில் ஏற்றிவிட்டது: 2018 ஓராண்டிலேயே விலை மூன்று மடங்காகி 25 யூரோவை நெருங்கியது, அப்போது கையிருப்பு ஒரு உரிமத்தைக்கூட உள்ளே இழுத்திருக்கவில்லை. ஆக, கார்பன் விலையில் பெரும்பங்கு ‘இவர்கள் சொன்னதைச் செய்வார்கள்’ என்ற நம்பிக்கைதான். பாதுகாப்பான அடித்தளமா என்றால், இல்லை. நம்பிக்கையை ஒரு வாக்கெடுப்பு உருவாக்க முடியும் என்றால் இன்னொரு வாக்கெடுப்பு கலைக்கவும் முடியும்.

விலை ஏறினால் புகை குறைகிறதா?

மின்துறையில் குறைகிறது, கணக்கு போட்டுக் காட்டலாம். நிலக்கரி மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு மெகாவாட்-மணிக்கு 25 யூரோ, எரிவாயுவுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். உமிழ்வு முறையே 0.90, 0.37 டன். வேறுபாடு 15 யூரோ, 0.53 டன். வகுத்தால் 28 யூரோ. கார்பன் விலை அதற்கு மேல் போனதும் எரிவாயு நிலையம் முதலில் ஓடும். எரிவாயு 80 ஆனால் அதே வகுத்தல் 104ஐக் காட்டும். 2022இல் நடந்தது அதுதான். உரிமம் 80 யூரோவிலும் நிலக்கரி திரும்பி வந்தது. அதே ஆண்டு பிப்ரவரி தொடக்கத்தில் 95ஐத் தாண்டியிருந்த உரிமம், உக்ரைன் போர் மூண்டதும் மார்ச் தொடக்கத்தில் 60க்குக் கீழே விழுந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எரிவாயு ஒப்பந்தங்களுக்குப் பிணைத்தொகை கட்டப் பணம் தேவைப்பட்டவர்கள் கையிலிருந்த உரிமத்தை விற்றனர். வெளியேற்றத்துக்கும் அந்த வீழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை.

2023இல் இந்தச் சந்தைக்குள் உள்ள உமிழ்வு முந்தைய ஆண்டைவிட 15.5 சதவீதம் குறைந்தது. மின், வெப்ப உற்பத்தியில் மட்டும் 24 சதவீதம். 2024 கணக்கில் 2005ஐவிட ஏறத்தாழ பாதி. காற்றாலை, சூரியத் தகடுகளுக்கான மானியங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் புகழையும் சந்தைக்கே எழுதிவிடக் கூடாது. கனரகத் தொழில்களிலோ சரிவு மெல்லியது, அதிலும் ஒரு பகுதி உற்பத்தி குறைந்ததால் வந்தது. இலவச உரிமம் கிடைக்கும்வரை பழைய உலையை மாற்றும் அவசரம் யாருக்கும் வருவதில்லை.

எல்லையில் வரும் கணக்கு

அந்த இலவசத்தை நிறுத்துவதற்கான ஏற்பாடுதான் எல்லை கார்பன் சரிக்கட்டல்: இறக்குமதிப் பொருளைத் தயாரித்தபோது வந்த புகைக்கு ஐரோப்பிய எல்லையில் கட்டணம். 2023 அக்டோபரில் அறிக்கை தருவதோடு தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் கட்டணக் கடமையாகிவிட்டது. இரும்பு-உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில். உள்ளூர் ஆலையின் இலவச உரிமம் 2026இல் 2.5 சதவீதம், 2028இல் 10, 2030இல் 48.5, 2034இல் முழுவதுமாக வெட்டப்படும். அதே அளவு இறக்குமதியாளரின் சுமை ஏறும்.

எண்ணில் பார்ப்போம், வெறும் விளக்கத்துக்காக. ஒரு டன் உருக்கில் 2.5 டன் உமிழ்வு, அளவுகோல் 1.4 டன், உரிம விலை 75 யூரோ. 2026இல் அளவுகோலின் 97.5 சதவீதம், அதாவது 1.365 டன் கழியும், மீதி 1.135 டன், கட்டணம் 85 யூரோ. 2034இல் கழிவு ஏதுமில்லை: 187.50 யூரோ. ஆலை ஒன்றையும் மாற்றாமல் இருந்தாலே சுமை இரட்டிப்பாகும்.

இந்தியச் சிறு ஏற்றுமதியாளர் இடறும் இடங்கள் சில. போல்ட், நட்டு, திருகு போன்ற உருப்படிகளும் பட்டியலில் உண்டு. அங்கே பட்டறையின் சொந்தப் புகை அற்பம். கணக்கின் பெரும்பகுதி வாங்கிய கம்பியில் இருக்கிறது. கம்பி தந்த ஆலையின் எண் கிடைக்காவிட்டால் ஐரோப்பா தானே வகுத்து மேல்சுமை சேர்த்த இயல்பு மதிப்புதான் விதிக்கப்படும். ஆகவே வாங்கும் ஆணையிலேயே உமிழ்வுத் தரவு தர வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். சரக்கு கப்பலேறிய பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். உருக்குக்கு இப்போதைக்கு நேரடி உமிழ்வு மட்டுமே எண்ணப்படுகிறது, மின்சாரத்தின் உமிழ்வு சேராது. பழைய இரும்பை இண்டக்ஷன் உலையில் உருக்குபவருக்கு இது அனுகூலம். அதே உலையில் நிலக்கரியில் தயாரான ஸ்பாஞ்ச் இரும்பைப் போட்டால் அதன் புகை முழுக்கக் கணக்கில் ஏறும். ஆண்டுக்கு 50 டன்வரை விலக்கு என்பது ஐரோப்பிய இறக்குமதியாளருக்கானது, அனுப்புபவருக்கானது இல்லை. நாம் 10 டன்தான் அனுப்புகிறோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

பிறந்த நாட்டில் ஏற்கெனவே கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. இந்தியாவில் கட்டியது எவ்வளவு என்பதுதான் கேள்வி. 2022இல் திருத்திய எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2023இல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு டன் பொருளுக்கு இத்தனை உமிழ்வு என்ற செறிவு இலக்குதான். 2025 அக்டோபரில் அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய துறைகளுக்கு 2023–24ஐ அடிப்படையாக வைத்து இலக்குகள் வந்தன. இலக்கு 0.70 டன், எட்டியது 0.68, உற்பத்தி 20 லட்சம் டன் என்றால், மிச்சமான டன்னுக்கு ஒன்றாக 40,000 சான்றிதழ் கிடைக்கும். இலக்கைத் தாண்டியவர் மட்டும் தாண்டிய அளவுக்கு வாங்குவார். இலக்குக்குள் இருப்பவர் கட்டுவது பூஜ்யம் என்பதால், ஐரோப்பாவில் கழித்துக்கொள்ளவும் ஏதுமிராது.

இதைவிடக் கவலை தருவது அபராத விதி. தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடாக, அந்தச் சுற்றில் சான்றிதழ் விற்ற சராசரி விலையைப் போல் இரு மடங்கு. விலை நன்றாக இருக்கும்வரை இது கடுமையானதுதான். விலை 50 ரூபாய்க்கு விழுந்தால் அபராதமும் 100 ரூபாயாகிவிடும், அதாவது சந்தைக்குத் தாங்கல் தேவைப்படும் நேரத்தில் தூணும் சேர்ந்து சாயும். ஐரோப்பா 100 யூரோ என்று நிலையாக எழுதியதன் பலன் இங்கே தெரிகிறது. தளர்வான இலக்கின் விளைவை இந்தியா ஏற்கெனவே பார்த்தும் இருக்கிறது: எரிசக்தித் திறனுக்கான முந்தைய திட்டத்தின் முதல் சுற்றில் ஏறத்தாழ 38 லட்சம் சான்றிதழ் பிறந்தன, வாங்க வேண்டியிருந்தது 14 லட்சம். 2006 ஏப்ரலின் ஐரோப்பாவைவிட மிகப் பெரிய விகித மிகை அது.

இனி என்ன நடக்கும்

ஐரோப்பிய உச்சவரம்பு 2024 முதல் ஆண்டுக்கு 4.3 சதவீதமும், 2028 முதல் 4.4 சதவீதமும் குறைகிறது. இது அந்தந்த ஆண்டு அளவின் சதவீதம் இல்லை, நிலையான ஓர் அடிப்படையின் சதவீதம். ஆகையால் படிக்கட்டு நேர்கோட்டில் இறங்கி, இதே சாய்வில் போனால் 2039 வாக்கில் புதிய உரிமம் பூஜ்யமாகும். கப்பல்கள் உள்ளே வந்துவிட்டன: 2024 உமிழ்வில் 40 சதவீதத்துக்கும், 2025 உமிழ்வில் 70 சதவீதத்துக்கும், அதன்பின் முழுமைக்கும் ஒப்படைப்பு.

எங்கள் கணிப்பில் அடுத்த உரசல் ஆலைகளில் வராது, பெட்ரோல் பங்கில் வரும். கட்டடங்களுக்கும் சாலைப் போக்குவரத்துக்குமான இரண்டாம் சந்தை 2027இல் தொடங்க வேண்டியது. 2025 இறுதியில் ஓராண்டு தள்ளி 2028 என்று உடன்பாடு ஆனது. கடமை எரிபொருள் விற்பவருக்கு, வலி ஓட்டுபவருக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, 45 யூரோ விலையில் லிட்டருக்குப் பத்து சென்ட் ஏறும். 45ஐத் தாண்டினால் கூடுதலாக 2 கோடி உரிமம் விடுவிக்கப்படும் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் அது விலைத் தடுப்புச் சுவர் இல்லை, வேகத்தடைதான். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஆகும் செலவு தேர்தல் பேச்சாகும்போது, 2013 வாக்கெடுப்பைப் போன்ற ஒன்றுக்கு வாய்ப்பு அதிகம்.

இன்னொரு ஓட்டை மெல்லத் திறக்கிறது. 2040க்கான 90 சதவீதக் குறைப்பு இலக்கில் 5 சதவீதப் புள்ளிகள்வரை வெளிநாட்டுக் கிரெடிட்டுகளால் நிரப்பலாம், 2036 முதல், என்று அதே உடன்பாடு சொல்கிறது. அந்தக் கிரெடிட் ஆலைகளின் கணக்குக்குள் நேராக வராதவாறு தடுத்தால் விலை தாங்கும். வந்தால் 2008–2012 திரும்பும், நூற்பாலைக் காற்றாலைக்காரர் மறுபடி நம்பி ஏமாறுவது உட்பட.

2030களின் பின்பாதியில் சந்தை மெலியும். மின்துறை பெரும்பாலும் வெளியேறியிருக்கும். முன்கூட்டி வாங்கிவைக்கும் பழக்கமும், அதற்கேற்ப வகுத்த 83.3 கோடி, 40 கோடி என்ற எல்லைக் கோடுகளும் பொருந்தாமல் போகும். சிலரே விற்று சிலரே வாங்கும் சந்தையில் ஒரு ஆலை நின்றாலும் விலை துள்ளும். அப்போதும் வாங்க வரிசையில் நிற்கப்போவது சிமென்ட்காரர். சூளையை எந்த எரிபொருளால் சூடாக்கினாலும், கிளிங்கர் டன்னுக்கு அந்த 0.525 வந்துகொண்டேதான் இருக்கும். அந்த வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைக்கக் கொண்டுபோகும் குழாய் அவர் ஆலைவரை வந்திருக்கிறதா என்பதுதான் அன்றைய விலையைத் தீர்மானிக்கும்.